கொடியிடை நாயகியின் ஊரில் விழித்திருப்போர்

சென்னைக்கு மேற்கே பாடியில் தொடங்கி அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி, பட்டாபிராம் வழியாகத் திருநின்றவூர் நோக்கிச் செல்லும் சி.டி.எச். சாலையில், காலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையே இரு திரள்கள் ஒன்றையொன்று கடந்து செல்வதைக் காணலாம். ஒரு திரள், நீராடி நீறணிந்து, பூவும் நெய்யும் ஏந்திக் கோயில் நடை திறக்கும் நேரத்திற்குச் செல்வோர். மற்றொன்று, மூன்றாம் ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை வாயிலிலிருந்து வெளிவருவோர். முன்னவர்க்கு நாள் அப்போதுதான் பிறக்கிறது. பின்னவர்க்கு அது இன்னும் முடியவில்லை. இரு சாராரும் ஒரே டீக்கடையில் நிற்பதும் உண்டு. பல குடும்பங்களில் தந்தை முதல் திரளிலும் மகன் இரண்டாம் திரளிலும் இருப்பார்கள்.

திருத்தலங்களுக்குக் குறைவில்லாத நிலப்பகுதி இது. பாடியில் ஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயம், முல்லைவாயிலில் மாசிலாமணீசர், திருநின்றவூரில் பக்தவத்சலப் பெருமாளும் பூசலார் நாயனார் மனத்தால் எழுப்பிய கோயிலின் நினைவாக விளங்கும் இருதயாலீசுவரரும், தெற்கே திருவேற்காட்டில் கருமாரியம்மன், மாங்காட்டில் காமாட்சி, பூவிருந்தவல்லியில் வரதராசப் பெருமாள், அதற்கு மேற்கே திருமழிசை. இத்தலங்களுக்கு நடுவேதான், நாடு விடுதலை பெற்ற பின் தொழிற்சாலைகளும் எழுந்தன. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை, பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., ஆவடியில் 1965இல் ‘விஜயந்தா’ டாங்கியை வெளிக்கொணர்ந்த கனரக வாகனத் தொழிற்சாலை என்று அந்த வரிசை நீண்டது. பின்னர் கணினி நிறுவனங்களும் வந்து, கடல் கடந்த நாடுகளின் பகல் நேரத்திற்கேற்ப இங்குள்ள பிள்ளைகளை இரவில் அமர்த்தின.

இவ்வூர்களில் இன்று ஓய்வுபெற்று வாழும் பெரியோரில் பலர் இதே ஆலைகளில் இரவுப் பணி பார்த்தவர்கள். ‘எங்கள் காலத்தில் நாங்கள் பார்க்காத நைட் ஷிப்டா?’ என்று அவர்கள் கேட்பது இயல்பே. ஆனால் ஒரு வேறுபாட்டை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று ஆவடியில் பணி என்றால் வீடும் ஆவடிக் குடியிருப்பிலேயே இருந்தது. ஆலையிலிருந்து வீட்டிற்குச் சைக்கிளில் கால் மணி நேரம். சைக்கிளில் கண் அயர்ந்தால் முழங்கால் சிராய்க்கும், அவ்வளவுதான். இன்று மகனுக்கு வேலை ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ இருக்கிறது. கம்பெனி பஸ் இல்லாதவன் பெங்களூரு நெடுஞ்சாலையிலும், வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறான். ஷிப்ட் அதே எட்டு மணி நேரந்தான். மாறியது அதற்குப் பிந்திய பயணம்.

இந்த இரவு உழைப்பின் பயன் பூசையறை வரை வருகிறது. அம்பத்தூர் ஆவின் பால்பண்ணையில் இரவில் உறைகளில் அடைக்கப்படும் பாலே விடியற்காலையில் அபிஷேகத்திற்கும் காப்பிக்கும் வாசலில் வந்து சேர்கிறது. கோயம்பேட்டிற்கு மலர் ஏற்றி வரும் வண்டிகள் நள்ளிரவிலேயே வந்தடைகின்றன. காலையில் சாத்தும் மாலைக்குப் பின்னே, தூங்காத ஒரு ஓட்டுநர் இருக்கிறார்.

திருமுல்லைவாயில் ஆலயத்தில் அடி வைப்போர் முதலில் வியப்பது நந்தியைக் கண்டுதான். பெரும்பாலான சிவாலயங்களில் இறைவனை நோக்கிப் படுத்திருக்கும் நந்தி, இங்கே இறைவனுக்குப் புறங்காட்டி வாயிலை நோக்கி இருக்கிறார். தொண்டைமான் மன்னனின் யானை முல்லைக் கொடியில் கால் சிக்கி நின்றது. மன்னன் வாளால் கொடியை வெட்ட, உள்ளிருந்த சிவலிங்கத்தின் மேல் வெட்டு விழுந்து குருதி பெருகியது. பிழைக்கு வருந்தித் தன்னை மாய்த்துக்கொள்ள முனைந்த மன்னனுக்கு இறைவன் காட்சி தந்து, குறும்பரை வெல்ல நந்தியைத் துணையாக அனுப்பினார் என்பது தலவரலாறு. புறப்படத் தயாராக எழுந்த கோலமே இது என்பார்கள். வெட்டுண்ட திருமேனியைக் குளிர்விக்க ஆண்டு முழுதும் சந்தனக் காப்பு. சித்திரைச் சதயத்தில் மட்டும் காப்பு களைந்த தரிசனம். கருவறை முன் நிற்கும் எருக்கந் தூண்கள் இரண்டும் குறும்பரிடமிருந்து கொண்டுவரப்பட்டவை என்கிறது மரபு.

இத்தலத்திற்கு மற்றொரு பெருமையும் உண்டு. சங்கிலியாருக்கு அளித்த வாக்கை மீறித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்த சுந்தரர் அக்கணமே பார்வை இழந்தார். பார்வையற்ற நிலையில் அவர் முதலில் வந்து பாடிய தலம் இதுவே. அடுத்துத் திருவெண்பாக்கம் சென்றார். அங்கே இறைவன் உடனே கண்ணைத் தந்துவிடவில்லை. ஊன்றுகோல் ஒன்றைத் தந்தார். இடக்கண் கச்சியிலும் வலக்கண் திருவாரூரிலுமே கிடைத்தன. இடைப்பட்ட தொலைவு முழுவதையும், உடன் வந்தோர் வழிகாட்ட, அவர் நடந்தே கடந்தார் என்கிறது பெரியபுராணம். கண் செயல்படாத போது எப்படிப் பயணம் செய்வது என்பதற்கு இந்தத் தொண்டை நாட்டு வழியே சாட்சி: மெதுவாக, துணையோடு, கோலூன்றி.

இன்றைய வாகன ஓட்டிக்குக் கண் இருந்தும் செயல்படாத நேரம் ஒன்று வருகிறது. மருத்துவர்கள் அதை நுண்துயில் என்பர். இமை மூடியோ, திறந்திருந்தும் மூளை அயர்ந்தோ, இரண்டு முதல் ஐந்து நொடி வரை கழியும் குட்டித் தூக்கம் அது. தூங்கியவருக்கே தூங்கியது தெரிவதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் கொடுமை விளங்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. நான்கு நொடி கண் அயர்ந்தால் 67 மீட்டர். ஒரு பெரிய ஆலயத்தின் இராச கோபுரத்திலிருந்து கொடிமரத்தைக் கடந்து உள்ளே செல்லும் தொலைவை, ஓட்டுவார் இல்லாமலேயே அந்த வண்டி கடந்துவிடுகிறது. பிரேக் பிடித்த தடமே இல்லாத விபத்துகளுக்கு இது ஒரு காரணம்.

விழிப்பின் அருமையும் கடுமையும் இவ்விதழின் வாசகர்களுக்குப் புதியவை அல்ல. சிவராத்திரியின் நான்கு காலங்களில் மூன்றாம் காலமே கடினமானது என்பதை விரதம் இருந்தோர் அறிவர். முதலிரண்டு காலமும் உற்சாகத்தில் கழியும். நள்ளிரவு தாண்டி இரண்டு, மூன்று மணிக்கு உடல் குளிர்ந்து தலை தொங்கத் தொடங்கும். கீழ்வானம் வெளுத்ததும் தூக்கம் சற்றே விலகியது போல் தோன்றும். இதற்குக் காரணம் பக்திக் குறைவு அன்று. உடலுக்குள் ஒளியையும் இருளையும் பின்பற்றும் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது உயிரணுக்களுக்குள் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்தக் கடிகாரத்தின்படி விழிப்பு மிகவும் தாழ்வது இரவு இரண்டு மணி முதல் விடியல் வரை. இன்னொரு சிறு தாழ்வு பிற்பகலில். உச்சிக்காலம் முடிந்து கோயில் நடை சாத்தும் நேரத்தோடு அந்தப் பிற்பகல் தாழ்வு ஒத்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

சிவராத்திரி ஆண்டுக்கு ஓர் இரவு. மறுநாள் இரவு வீடே அடங்கி உறங்கும். இரவுப் பணி செய்பவனுக்கோ வாரத்தில் ஆறு சிவராத்திரி. மறுநாள் பகலில் தெருவே விழித்திருக்கிறது. குறைந்த உறக்கம் கடன் போலச் சேர்கிறது. வங்கிக் கடனாவது தவணை கேட்டு முன்னறிவிப்புத் தரும். இந்தக் கடன் நெடுஞ்சாலை நடுவே ஒரே தவணையில் வசூலாகிவிடும். கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் பகவான், மிகுதியாக உறங்குபவனோடு மிகுதியாக விழித்திருப்பவனையும் சேர்த்தே யோகத்திற்கு ஆகாதவன் என்கிறார். பெரியோர் முதற்பாதியை மட்டும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது.

இப்பகுதிக்கே உரிய ஒரு வழிபாட்டை எடுத்துக்கொள்ளலாம். பௌர்ணமியோடு கூடிய வெள்ளிக்கிழமையில், காலையில் மேலூர்த் திருவுடையம்மனையும், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மனையும், மாலையில் முல்லைவாயில் கொடியிடையம்மனையும் ஒரே நாளில் தரிசிப்பது பெரும் புண்ணியம் என்பர். இச்சா, ஞான, கிரியா சக்திகளாக மூவரையும் போற்றுவது மரபு. இதற்காக வெள்ளிக்கிழமை விடுப்புக் கேட்கும் மகன் குறைவு. வியாழன் இரவுப் பணியை முடித்துவிட்டு, “நானே கூட்டிட்டுப் போறேம்மா” என்று சாவியை எடுக்கும் மகனே மிகுதி. அன்னையும், “ஒரு வாய் சாப்பிட்டுட்டு வா கண்ணு, ராத்திரி வந்து தூங்கிக்கலாம்” என்கிறாள். இருவர் பேச்சிலும் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

அந்த அன்பின் கணக்கு இவ்வாறு வருகிறது. வியாழன் பிற்பகல் நான்கு மணிக்கு எழுந்தவன் இரவு பத்து மணிக்குப் பணியேற்றுக் காலை ஆறு மணிக்கு விடுபடுகிறான். மேலூர், திருவொற்றியூர் முடித்து, மீஞ்சூர், மணலிப் பக்கத்துக் கன்டெய்னர் லாரி நெரிசலைக் கடந்து கொடியிடையம்மன் சந்நிதிக்கு வரும்போது மாலை ஆறு. அவன் இமை மூடாமல் கழித்தது இருபத்தாறு மணி நேரம். 1997ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், இருபத்து நான்கு மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் நூறு மில்லிலிட்டருக்கு நூறு மில்லிகிராம் அளவு மது ஏறியவரின் செயல்திறனுக்கு ஏறக்குறைய சமமாகத் தாழ்கிறது என்று கண்டனர். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் அளவு முப்பது மில்லிகிராம். மதுவின் வாடையே அறியாத பிள்ளை, சட்டத்தின் எல்லையைப் போல் மும்மடங்கு மயங்கிய நிலையில், தாய் தந்தையரைப் பின்னிருக்கையில் அமர்த்தி ஓட்டிச் செல்கிறான். போலீஸார் ஊதச் சொல்லும் கருவியில் இது பதிவாகாது.

விரதத்தைக் கைவிட வேண்டும் என்பது பொருளன்று. அம்மன் தரிசனத்தை அடுத்த பௌர்ணமி வெள்ளிக்குத் தள்ளலாம். அன்று மட்டும் உறங்கி எழுந்த வேறொரு ஓட்டுநரை அமர்த்தலாம். மூன்றையும் ஒரே நாளில் முடிக்கும் ஆவலில், உடன் வருபவன் எப்போது உறங்கினான் என்று கேட்க எவரும் நினைப்பதில்லை. வண்டி ஏறுமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி அதுவே.

தூக்கத்தை விரட்டுவதாக நம்பப்படும் உபாயங்கள் பல. கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குவது, உரக்கப் பாட்டு வைப்பது, முகத்தில் நீர் தெளிப்பது, புளிப்பு மிட்டாய். இவை சில நிமிடம் தெளிவு தருமே அன்றி உறக்கத்திற்கு ஈடாகா. அடிக்கடி கொட்டாவி, கண் எரிச்சல், வேகத்தடையைக் கவனியாமல் ஏறுதல், கடந்த இரண்டு கிலோமீட்டர் நினைவில் இல்லாமை ஆகியவை தோன்றினால் வண்டியை நிறுத்துவதே வழி. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடி, டீக்கடை போன்ற இடம் தக்கது. பைபாஸ் ஓரத்தில் இருளில் நிறுத்துவது இன்னொரு ஆபத்து. ஒரு காப்பி அருந்திவிட்டு உடனே இருபது நிமிடம் சாய்ந்து உறங்கலாம். காப்பி வேலை செய்யத் தொடங்க அரை மணியளவு ஆவதால், எழும்போது இரண்டின் பயனும் சேர்ந்து கிடைக்கும். எழுந்த உடனே ஓட்டாமல் சில நிமிடம் நடந்துவிட்டுப் புறப்படுவது நலம். இதனினும் எளிய வழி இப்பகுதியார்க்கு வாய்த்திருக்கிறது. சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்சார ரயில் கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி என எல்லா ஊரிலும் நிற்கிறது. அதில் தூங்கினால் இறங்கும் நிலையம் தவறும், திரும்பி வரலாம்.

இனி வீட்டிற்குள் வருவோம். பெரியோரின் பங்கு மிகுதியாக இருப்பது அங்கேதான்.

பகலில் கிடைக்கும் உறக்கம் இரவு உறக்கத்தைவிடக் குறைவாகவும் ஆழமின்றியும் அமைகிறது. ஒளியும் ஓசையும் வெப்பமும் உடலை எழுப்பிக்கொண்டே இருக்கின்றன. காலை எட்டு மணிக்குப் படுத்த மகனைப் பத்து மணிக்கு கேஸ் சிலிண்டர்காரர் எழுப்புகிறார், பதினொன்றுக்கு மிக்ஸி, பன்னிரண்டுக்கு, “கண்ணு, சாப்பிட்டுட்டுத் தூங்கக் கூடாதா?” என்று அன்னையே எழுப்புகிறாள். அமாவாசை என்றால் தர்ப்பணத்திற்கு உட்கார வேண்டும். உறவினர் வந்தால் முகம் காட்ட வேண்டும். பகலில் படுத்துறங்கும் ஆண் பிள்ளையை மூதேவி பிடித்தவன் என்று சொல்லும் நாக்கும் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. மருமகள் இரவுப் பணி செய்பவளாயின் நிலை இன்னும் கடினம். பகலெல்லாம் வீட்டில்தானே இருக்கிறாள் என்று சமையலும் குழந்தையும் அவள் தலையில் விழுகின்றன.

நடை சாத்திய சந்நிதிக் கதவை யாரும் தட்டுவதில்லை. அர்த்தசாமத்தில் பள்ளியறைக்கு எழுந்தருளிய பெருமானைத் தம் வசதிக்காக எழுப்ப எவரும் துணிவதில்லை. வீட்டில் அந்த மரியாதையை ஓர் அறைக்குத் தந்தால் போதும். கனமான திரை, கதவில் ஒரு சீட்டு, மணியடிக்காமல் ஒரு பூசை, மிக்ஸிக்கு மாலை நேரம். பணிக்குப் புறப்படுமுன் மாலையில் ஒரு சிறு தூக்கம் கிடைக்குமாறு விட்டால் இரவு பாதி சுமை குறையும். இரவுக்குக் கட்டிக் கொடுக்கும் உணவு எளிதாக இருக்கட்டும், இட்லி போதும். நள்ளிரவில் உண்ணும் கனத்த உணவு செரிமானத்தையும் கெடுக்கும், தூக்கத்தையும் வரவழைக்கும். காப்பியைப் பணியின் முற்பாதியோடு நிறுத்திக்கொண்டால் காலை உறக்கம் கெடாது. ஷிப்ட் மாறும்போது காலை, மாலை, இரவு என முன்னோக்கி மாறுவது உடலுக்கு எளிது. இரவிலிருந்து பின்னோக்கி மாறுவது கடினம். இதைப் பிள்ளைகள் மேலாளரிடம் எடுத்துச் சொல்லலாம்.

பூவிருந்தவல்லியில் வரதராசப் பெருமாள் கோயிலுக்குச் செல்வோர், அங்கே தனிச் சந்நிதி கொண்டிருக்கும் திருக்கச்சி நம்பிகளை வணங்காமல் வருவதில்லை. இவ்வூரில் பிறந்து, இங்கு மலர்ந்த பூவைக் கச்சி வரதனுக்குக் கொண்டு சேர்த்து, ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்தவர் அவர். இராமாநுசருக்காக வரதனிடமிருந்து ஆறு வார்த்தைகளைப் பெற்றுத் தந்த அவர்க்கு, அந்தப் பேற்றைத் தந்தது விசிறி பிடித்த கை. கடும் பகலில் ஒருவர் அயர்ந்திருக்க மற்றொருவர் விழித்து விசிறுவது இந்த மண்ணில் கைங்கரியமாகவே எண்ணப்பட்டது. பூவிருந்தவல்லியிலிருந்து கச்சிக்குச் செல்லும் அதே திசையில்தான் இன்று ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கான பேருந்துகளும் செல்கின்றன.

அதே சாலையில் தலயாத்திரை வேன்களும் செல்கின்றன. முதியோர் பன்னிரண்டு பேர் சேர்ந்து வேன் அமர்த்துகிறார்கள். தங்கும் செலவை மிச்சம் பிடிக்க இரவு பத்து மணிக்குப் புறப்பாடு. விடியலில் ஒரு தலம், பகலில் நான்கு, மறுநாள் இரவே திரும்புதல். “தம்பி, விடியறதுக்குள்ள போயிடலாமா?” என்று கேட்டால் ஓட்டுநர், “போயிடலாம் ஐயா” என்றே சொல்வார். முடியாது என்றால் அடுத்த வாடகை வேறொருவருக்குப் போய்விடும். அவர் அன்று பகல் முழுதும் வேறொரு வண்டியில் இருந்தவராகவும் இருக்கலாம். 1961ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேரத்திற்குள் அரை மணி ஓய்வு என்று வரையறுத்தது. பக்தர்கள் வகுக்கும் யாத்திரைத் திட்டத்தில் அந்த அரை மணிக்கு இடமிருப்பதில்லை. பயணிகள் தரிசனத்திற்குச் செல்லும்போது ஓட்டுநர் வண்டியிலேயே உறங்கிக்கொள்வார் என்பது வழக்கமான சமாதானம்; வெயிலில் நிற்கும் வேனில் யாரும் உறங்கிப் பார்த்துவிட்டு அதைச் சொல்வதில்லை.

திருமழிசையில் அவதரித்த ஆழ்வாரின் வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. கச்சியில் அவர் சீடர் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் நாடு கடத்தினான். சீடரோடு ஆழ்வாரும் புறப்பட்டார். ஆழ்வார் சொற்படி, பள்ளிகொண்டிருந்த பெருமாளும் பைந்நாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு உடன் எழுந்தார். எழுந்தவர்கள் இரவோடு இரவாக நெடுந்தொலைவு செல்லவில்லை. காஞ்சிக்கு அருகிலேயே ஓரிடத்தில் அவ்விரவைத் தங்கிக் கழித்தனர். ஓரிரவு இருந்தமையால் அவ்வூர் ஓரிருக்கை என்று பெயர் பெற்றது என்பர்; இன்று ஓரிக்கை என்று வழங்குகிறது. காஞ்சி மகாசுவாமிகளுக்கு எழுப்பப்பட்ட மணிமண்டபத்தால் அன்பர் பலரும் அறிந்த ஊர். பூவிருந்தவல்லியிலிருந்து காலையில் புறப்பட்டால் திருமழிசை, ஸ்ரீபெரும்புதூர் ஆகிய தலங்களைச் சேவித்துக் கொண்டு மாலைக்குள் காஞ்சியை அடையலாம். அங்கே தங்கும் விடுதிகள் பல உண்டு. அறை எடுக்கும்போது ஓட்டுநருக்கும் ஒரு கட்டில் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.